முதல் ஆட்டம் அவருடையதாக இருக்கட்டும்

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தை நெடுநாளாக ஆடிவரும் நண்பர்களுக்கு,



வெள்ளிக்கிழமை மாலை கடைகளில் கூடுகிறவர்களுக்கும், வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து கமாண்டர் ஆடுகிறவர்களுக்கும், டிராஃப்டுக்கு எட்டாவது ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒருமுறை வந்து நம்மோடு ஆடிவிட்டு, அப்புறம் வராமலே போனவர்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். எல்லாக் குழுவிலும் அப்படிச் சிலர் உண்டு. "ஆட்டம் கஷ்டம், அவருக்குப் பிடிபடவில்லை" என்று சொல்லி நாம் அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

ஆட்டம் கஷ்டமானதுதான். அதன் முழு விதித்தொகுப்பு 200 பக்கங்களைத் தாண்டும். ஒரு கணினி செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் மேஜிக் கார்டுகளை வைத்தே செய்துகாட்டலாம் என்று 2019-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஆனால் அந்தக் கஷ்டத்தைப் பார்த்து மிரண்டு போனவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்ட ஆட்டம் இது. திரும்பி வராதவர்களின் முதல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டெக் நம்முடையது. எந்த கார்டை எப்போது போடலாம் என்று சொன்னது நாம். யாரைத் தாக்குவது என்று விரல் நீட்டிக் காட்டியதும் நாம். ஒரு மணி நேரம் கார்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாரே தவிர, அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. ஜெயித்திருந்தாலும் அது அவர் ஜெயித்த ஆட்டம் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு யார் மறுபடி வருவார்கள்?

1993 ஆகஸ்டில் மேஜிக் வெளிவந்தபோது எல்லாருமே புதியவர்கள். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வேறொரு ஆட்டத்தை விற்கத்தான் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடம் போனார். சியாட்டில் பக்கத்தில் அது அப்போது மிகச் சிறிய நிறுவனம். அதை நடத்திய பீட்டர் ஆட்கிசன் கேட்டது வேறு: எளிதாக எடுத்துப்போகக்கூடியதாகவும், மாநாடுகளில் கிடைக்கும் இடைவெளிகளில் சட்டென ஆடி முடிக்கக்கூடியதாகவும் ஒன்று வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் 295 கார்டுகள் கொண்ட ஆல்ஃபா தொகுப்பு. ஒவ்வொருவரும் கொஞ்சமாகத்தான் வாங்குவார்கள், யாருக்கும் எல்லா கார்டும் தெரிந்திருக்காது, எதிரில் இருப்பவர் மேசையில் வைக்கும் கார்டை அங்கேதான் முதல்முறை வாசிப்போம் என்பது கார்ஃபீல்டின் எண்ணம். தெரியாமல் இருப்பதையே ஆட்டத்தின் சுவையாக வைத்துக் கட்டியிருந்தார்.

நம்மில் பலருக்கு அந்தச் சுவை எப்போதோ போய்விட்டது. புதுத் தொகுப்பு கடைக்கு வரும் முன்பே அதன் கார்டுகள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். முதல் வாரத்திலேயே எந்த டெக் ஓங்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். புதிதாக வருபவருக்கோ ஒவ்வொரு கார்டும் இன்னமும் ஆச்சரியம். நாம் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டு, ஒரே மாலையில் போக்கிவிடப் பார்க்கிறோம். எது நல்ல கார்டு, எது குப்பை, எந்தப் பட்டியலைப் பார்த்து டெக் கட்ட வேண்டும் என்று அடுக்குகிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் அவர் தானே கண்டுபிடித்து மகிழ வேண்டியவை அத்தனையையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

புதியவர்களுக்காக நிறுவனம் எடுத்த முயற்சிகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவற்றில் நமக்கும் பங்கு இருக்கிறது. 1997-இல் போர்ட்டல் என்று ஓர் எளிய தொகுப்பு வந்தது. இன்ஸ்டன்ட் வகை கார்டே அதில் கிடையாது. தாக்கும் வலிமைக்குப் பக்கத்தில் வாளும், தாங்கும் வலிமைக்குப் பக்கத்தில் கேடயமும் வரைந்திருந்தார்கள். 'பிளாக்' என்ற சொல்லைக்கூட மாற்றிவிட்டார்கள். படிப்பவருக்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை வாங்கி வீட்டில் ஆடிப் பழகியவர் ஆசையோடு கடைப் போட்டிக்கு வந்தபோது, அந்த கார்டுகள் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கற்ற சொற்கள் மற்றவர்கள் பேசிய சொற்களாக இல்லை. அவர் காசு கொடுத்து வாங்கியவை எந்தப் போட்டியிலும் ஏற்கப்படவில்லை. 2005-இல்தான் அந்தத் தடை நீங்கியது. எளிமை தவறு என்று இதைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலை அமைத்தவர்கள் அதை வீட்டோடு இணைக்கவில்லை, அதுதான் குறை.

2006-இல் டைம் ஸ்பைரல் வந்தபோது நேர்மாறாக நடந்தது. பழைய கார்டுகளின் நினைவுகளையும் பழைய திறன்களையும் கொத்துக்கொத்தாகச் சேர்த்துச் செய்த தொகுப்பு அது. பழையவர்கள் கொண்டாடினார்கள். அன்றுதான் முதல் பாக்கெட்டைப் பிரித்தவருக்கு அதில் பாதி எதைக் குறிக்கிறது என்றே விளங்கவில்லை. ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் அதிலிருந்து கற்ற பாடத்தைப் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' என்ற கொள்கை அப்படித்தான் உருவானது. 15 கார்டு பாக்கெட்டில் 10 காமன் கார்டுகள் இருந்த காலம் அது. புதியவர் கையில் பெரும்பாலும் இருப்பவை காமன்களே. ஆகவே காமன்களை எளிமையாக வைத்துச் சிக்கலை மேல் தட்டு கார்டுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டத்தின் ஆழம் குறையவில்லை, அதை எதிர்கொள்ளும் இடம் மட்டும் மாறியது.

2009-இல் மேஜிக் 2010 தொகுப்போடு விதிகளும் மாறின. பயன்படுத்தாமல் விட்ட மானா லைஃபைக் குறைக்கும் பழைய விதி போயிற்று. சண்டையில் விழும் அடியை ஸ்டாக்கில் ஏற்றிவைத்துவிட்டு இடையில் தந்திரம் செய்யும் வழியும் போயிற்று. ஆட்டமே கெட்டது என்று அன்று எழுந்த குரல்கள் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விதிகள் இல்லாமல் இன்று நாம் நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறோம். நமக்குப் பழகிப்போனது என்பதாலேயே ஒன்று ஆட்டத்துக்குத் தேவை என்று ஆகிவிடாது. புதியவரை வைத்துக்கொண்டு எதையாவது விளக்கத் தொடங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்வாட்டர் சொன்ன இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். புதியவருக்கு எளிமையாகத் தெரிந்து, ஆட ஆட ஆழம் காட்டும் கார்டுகளைச் செய்ய வேண்டும் என்பார். ஜெயன்ட் குரோத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பச்சை மானாவுக்கு ஒரு கிரீச்சர் அந்த முறை முடியும்வரை +3/+3 பெறும். புதியவர் அதை முதலில் தன் கரடியைப் பெரிதாக்கி எதிராளியை இன்னும் மூன்று அடி கூடுதலாக அடிக்கத்தான் போடுவார். அது தப்பே இல்லை. சில ஆட்டங்கள் கழித்து, எதிராளி லைட்னிங் போல்ட்டை அந்தக் கரடிமேல் எறியும்போது பதிலுக்குப் போட்டால் கரடி பிழைக்கும் என்று அவருக்கே தோன்றும். இன்னும் கொஞ்ச நாளில், கார்டு கையில் இல்லாவிட்டாலும் ஒரு காட்டைத் தட்டாமல் வைத்திருந்தாலே எதிராளி தயங்குகிறார் என்பதைக் கவனிப்பார். ஒரே கார்டில் அவர் தானாகக் கடக்க வேண்டிய மூன்று படிகள் இருக்கின்றன. முதல் நாளே மூன்றாவது படியைச் சொல்லிவிட்டால் அவர் தலையாட்டுவார், ஆனால் அந்த மகிழ்ச்சி அவருக்கு இனி எப்போதும் வராது. அதனால் கைகூப்பிக் கேட்கிறேன், அவர் கேட்காமல் உத்தி சொல்லாதீர்கள். விதி தெரியாமல் தடுமாறினால் உடனே சொல்லுங்கள். போட்ட கார்டைத் திரும்ப எடுக்க விரும்பினால் எடுக்கவிடுங்கள். எதைச் செய்வது என்ற தீர்மானத்தை மட்டும் தொடாதீர்கள்.

சும்மா இருப்பது எளிதில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அது இன்னும் கடினம். ஒரு பெரிய கிரீச்சரைத் தடுக்காமல் புதியவர் ஐந்து லைஃப் இழக்கும்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாம் பேசிய பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அதற்கப்புறம் அந்த மாலை முழுக்கத் தன் கார்டுகளைப் பார்த்ததைவிட நம் முகங்களைத்தான் அதிகம் பார்த்தார்.

அடுத்தது கமாண்டர். எனக்கும் அது பிடித்த வடிவம். அலாஸ்காவில் நண்பர்கள் சிலர் தங்களுக்குள் ஆடிய வடிவத்தை ஷெல்டன் மெனெரியும் அவரைச் சார்ந்த நடுவர்களும் உலகெங்கும் பரப்பினார்கள். 2011-இல் நிறுவனமே அதற்கென டெக்குகளை வெளியிட்டது. இன்று கடைகளில் அதிகம் ஆடப்படுவது அதுவே. நட்பான வடிவம் என்பதால் புதியவரையும் நேராக அதில்தான் உட்காரவைக்கிறோம். இது சரியில்லை. நாலு பேர், ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை நிலங்களைத் தவிர எந்த கார்டும் ஒரு டெக்கில் இரண்டாம் முறை வராது. ஒருமுறை வாசித்துப் புரிந்துகொண்ட கார்டு மறுபடி வந்து பழக்கமாக வழியே இல்லை. பத்தாவது முறையில் மேசையில் முப்பது நாற்பது கார்டுகள் பரவிக்கிடக்கும். ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தூண்டிக்கொண்டிருக்கும். சமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவரைக் கல்யாணச் சமையல்கட்டில் நிறுத்தினால் அவர் ஓரமாக ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? 40 லைஃபிலிருந்து கீழே வர இரண்டு மணி நேரம் ஆகலாம். முதலில் வெளியேறுபவர் பெரும்பாலும் புதியவரே, மற்ற மூவரும் முடிக்கும்வரை அவர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் கமாண்டர் டெக்குகளை ஐந்து பிராக்கெட்டுகளாகப் பிரிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் முன்வைத்தது. 2024 செப்டம்பரில் சில விலை உயர்ந்த கார்டுகள் தடைசெய்யப்பட்டபோது, அதுவரை விதிகளைக் கவனித்துவந்த தன்னார்வலர் குழுவுக்கு மிரட்டல்கள்கூட வந்தன. அந்த வெட்கத்துக்குப் பிறகு, பொறுப்பு நிறுவனத்தின் கைக்குப் போனதும் பிறந்த ஏற்பாடு அது. நம்மிடையே பேசிக்கொள்ள அது நல்ல கருவி. ஆனால் நேற்று வந்தவரிடம் "உங்கள் டெக் எந்த பிராக்கெட்?" என்று கேட்காதீர்கள். பதில் அவரிடம் இருக்காது, நம்மிடம் இருக்க வேண்டும். அவர் டெக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கேட்டு, அதற்கு இணையான ஒன்றை நாம் எடுக்க வேண்டும்.

சரி, முதல் ஆட்டம் எப்படி இருக்கலாம்? இரண்டு பேர், 20 லைஃப், 40 கார்டு டெக் இரண்டு. ஒவ்வொன்றிலும் 17 நிலங்கள். சில கார்டுகள் மூன்று நான்கு முறை திரும்ப வரட்டும். இரண்டாம் தடவை கையில் வரும்போது அவர் வாசிக்காமலே அதை அடையாளம் கண்டுகொள்வார், அந்த நொடியில்தான் ஆட்டம் அவருக்குள் இறங்கத் தொடங்குகிறது. செர்ரா ஏஞ்சல் மாதிரி பார்த்ததும் மனதில் நிற்கும் ஒன்றிரண்டு இருக்கட்டும். ஆல்ஃபாவில் இருந்த அந்த தேவதை 2024 நவம்பரில் வந்த பவுண்டேஷன்ஸ் தொகுப்பிலும் பறக்கிறாள். நிலம் வராமல் கை காய்ந்து போனால் கணக்குப் பார்க்காமல் ஏழு கார்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள், பிள்ளைகள்கூட அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவமதிப்பாகவும் படும். இரண்டு டெக்கும் சம வலிமையில் இருந்தாலே போதும். முதல் ஆட்டம் முடிந்ததும் டெக்கை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். தான் தோற்ற கார்டுகளை வைத்து அவர் நம்மை அடிக்கும்போது, குறை டெக்கில் இல்லை, ஆடும் விதத்தில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வார்.

இப்படி டெக் கட்டிவைக்க நேரமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 20 கார்டு பாக்கெட் இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் ஒரு டெக் ஆகிவிடும் ஜம்ப்ஸ்டார்ட் 2020 முதல் கிடைக்கிறது. பவுண்டேஷன்ஸ் வரிசையில் வந்த தொடக்கப் பெட்டியும் அதே முறையில்தான் அமைந்திருக்கிறது, முதல் சில முறைகளைப் படிப்படியாக நடத்திச்செல்லும் கையேட்டோடு. பவுண்டேஷன்ஸ் கார்டுகள் குறைந்தது 2029 வரை ஸ்டாண்டர்ட் போட்டியில் செல்லும் என்று அறிவித்திருக்கிறார்கள். போர்ட்டலில் விட்ட பிழையை இங்கே திருத்தியிருக்கிறார்கள், அதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். புதியவர் முதலில் வாங்கியதே அவரைப் போட்டிவரை கூட்டிக்கொண்டு போகும்.

அரீனாவில் கற்றுக்கொண்டு வருபவர்கள் வேறு வகைப் புதியவர்கள். 2019-இல் முழுமையாக வெளியான அந்தக் கணினி வடிவம் விதிகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதில் நன்றாக ஆடுகிறவருக்குக்கூட மேசையில் தன் கார்டுகளை நேராக்க மறந்துபோகும், ஒவ்வொரு முறையும் தானே நினைவூட்ட வேண்டிய திறன்கள் தவறிப்போகும், ஸ்லீவ் போட்ட 60 கார்டைக் கலைக்கத் தெரியாது. இவர்களிடம் நாம் காட்டும் கண்டிப்பு எனக்கு வருத்தம் தருகிறது. "மறந்தது மறந்ததுதான்" என்பது பெரிய போட்டிக்கு உரிய விதி. நம் கடையில் சாதாரண மாலையில் அதைச் சொல்லி ஜெயிக்கும் ஓர் ஆட்டத்தால் யாருக்கு என்ன லாபம்?

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இனி அச்சிடவே மாட்டோம் என்று 1996-இல் வாக்குக் கொடுத்த கார்டுகளின் பட்டியல் இன்னும் இருக்கிறது, பிளாக் லோட்டஸ் அதில்தான் இருக்கிறது. அந்த விலைகளைக் கேட்டு வருபவர் மிரள்வது இயல்பு. அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், மிகக் கொஞ்சமாகச் செலவழித்தும் பல ஆண்டுகள் ஆடலாம். காமன் கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் பாப்பர் 2019 முதல் முறையான போட்டி வடிவம். ஒருவர் சேர்த்துவைத்த கியூபிலிருந்து எட்டுப் பேர் டிராஃப்ட் செய்தால் யாரும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. நம் வீட்டு அட்டைப் பெட்டிகளில் தூங்கும் ஆயிரக்கணக்கான காமன்களில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால், அதை வைத்து அவர் தன் முதல் டெக்கைத் தானே கட்டுவார். அது மோசமான டெக்காகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் திருத்தாதீர்கள்.

கார்டு மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு கடையில் ஒரு சிறுவன் தன் பாக்கெட்டில் கிடைத்த அருமையான கார்டை, படம் அழகாக இருக்கிறது என்று காட்டப்பட்ட நாலைந்து மலிவான கார்டுகளுக்குக் கொடுத்தான். மாற்றிக்கொண்டவர் விலை தெரிந்தவர். சுற்றி இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். வீட்டில் யாரோ விலையைப் பார்த்துச் சொன்ன பிறகு அந்தச் சிறுவன் அங்கே வரவில்லை. இதைத் திறமை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கக் கூடாது. புதியவரோடு மாற்றும்போது இரண்டு பக்க விலையையும் கைபேசியில் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இதை மீறினால் தயங்காமல் குறுக்கிடுங்கள். பேசாமல் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது ஆட்டத்துக்கு, இதற்கு அல்ல.

பெண்கள் வரும்போது "யாரோடு வந்தீர்கள்?" என்று கேட்பதையும், அவர்களுக்கு மட்டும் கேள்வித்தாள் வைப்பதையும் நிறுத்த வேண்டும். அவர்களில் பலர் நம்மில் பாதிப் பேரைவிட நெடுநாளாக ஆடுகிறவர்கள். புதிதாக வந்தவராக இருந்தாலும், மற்ற எவருக்கும் காட்டும் அதே மரியாதையைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

தமிழில் படிக்கும் உங்களிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. மேஜிக் ஜப்பானியத்திலும் ஜெர்மனிலும் வருகிறது, எந்த இந்திய மொழியிலும் ஒரு தொகுப்புகூட வந்ததில்லை. கார்டில் இருக்கும் ஆங்கிலம் சட்டப் பத்திரத்தின் ஆங்கிலம் போன்றது. பள்ளியில் நன்றாக ஆங்கிலம் படிப்பவருக்குக்கூட ஒரு கார்டை மூன்று முறை வாசிக்க வேண்டியிருக்கும். கூச்சத்தால் புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொண்டு தவறாக ஆடித் தோற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கார்டு போடும்போது அதன் பெயரைச் சொல்லி, அது என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்லுங்கள். யாரும் கேட்க வேண்டாம், எல்லா ஆட்டத்திலும் எல்லாருக்கும் சொல்லுங்கள். அப்போது அது உதவி என்று தனியாகத் தெரியாது, மேசையின் வழக்கமாகிவிடும். நம்மிடையே புழங்கும் குறுக்குப் பேச்சையும் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளிவையுங்கள். சாதாரண வார்த்தைகளில் சொல்ல முடியாதது இந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பையில் ஸ்லீவ் போட்ட 40 கார்டு டெக் இரண்டை எப்போதும் வைத்திருங்கள். மேசை ஓரத்தில் நின்று பார்க்கும் யாராவது "இது என்ன ஆட்டம்?" என்று கேட்டால், நடந்துகொண்டிருக்கும் கமாண்டர் மேசையில் அவருக்கு இடம் தேட வேண்டாம். நீங்களே எழுந்து பக்கத்து மேசைக்குப் போய், இரண்டில் எது வேண்டும் என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஆடும் ஒருவர்